கபடிக் கால்களோடு கூண்டுக்குள்: டெல்டா இளைஞர்களுக்கான எம்எம்ஏ பயிற்சி வழிகாட்டி

பொங்கல் நெருங்கினால் மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கமெல்லாம் மின்னொளி கபடிப் போட்டிச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டுவிடும். அந்தக் களங்களில் ஆடும் பையன்களும் பெண்பிள்ளைகளும் சில வருடங்களாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "மாஸ்டர், எம்எம்ஏ எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" எம்எம்ஏ என்பது குத்து, உதை, மல்யுத்தப் பிடி, தரைச் சண்டை எல்லாம் கலந்து கூண்டுக்குள் ஆடும் கலப்புத் தற்காப்புச் சண்டை. பெரும்பாலானவர்கள் குத்தும் உதையும்தான் முதல் பாடம் என்று நினைக்கிறார்கள். வரிசை அது இல்லை என்பது என் உறுதியான கருத்து. முதலில் தரை, அடுத்து பிடி, அப்புறம்தான் அடி. கபடி ஆடியவருக்கு இந்த வரிசை இன்னும் பொருந்தும். கால் பலமும் பிடியும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. சில பழக்கங்களை மட்டும் மாற்ற வேண்டும்.

தரை ஏன் முதலில் என்பதற்கு எம்எம்ஏயின் வரலாறே பதில் சொல்லும். 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் அமைப்பு) போட்டியில், பிரேசிலிய ஜுஜுட்சு என்ற தரைப் பிடிக் கலை பழகிய, பெரிய உடம்பு இல்லாத ராய்ஸ் கிரேஸி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். எதிரில் நின்றவர்களில் குத்துச்சண்டைக்காரரும் உதைச்சண்டைக்காரரும் இருந்தார்கள். கீழே விழுந்த பிறகு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்று எல்லோரும் எல்லாம் கற்கிறார்கள், ஆனாலும் சண்டை எங்கே நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பிடி தெரிந்தவர்தான். ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியைச் சேர்ந்த யுஎஃப்சி வீரர் கபீப் நூர்மகொமெதோவ் 29 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றதற்கு அவருடைய பிடிதான் அடித்தளம். கராத்தேயிலிருந்து வந்த கனடா வீரர் ஜார்ஜ் செயின்ட் பியர், வளர்ந்தபின் கற்ற மல்யுத்தத்தால்தான் பெரும்பாலான எதிரிகளைக் கீழே கிடத்தினார்.

தொடங்கும் முன்: உடம்பு, இடம், ஆள்

ஒரு மருத்துவரிடம் போய் இரத்த அழுத்தம், இதயம், கண் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டு, முன்பு தலையில் பெரிய அடி பட்டதுண்டு என்றால் மறைக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். இரத்தம் படக்கூடிய விளையாட்டு இது.

இடம் பெரிதாக வேண்டாம், ஆனால் மெத்தென்று இருக்க வேண்டும். தூக்கிப் போடும் பயிற்சிக்கு 40 மில்லிமீட்டர் ஜூடோ மேட் சரியாக இருக்கும். அது கட்டுப்படியாகாத ஊர்களில், நன்றாகக் காய்ந்த தென்னை நார்க்கழிவை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, மேலே கெட்டித் தார்ப்பாயைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஏறினால் அது கட்டிதட்டிப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். எனவே கொட்டகை அவசியம். சிமென்ட் தரையில் ஒருநாளும் விழுந்து பழகாதீர்கள்.

ஆள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீடியோ பார்த்து ஜாப் (முன்னிருக்கும் கையால் நேராகக் குத்துவது) பழகலாம், கழுத்துப் பிடி பழக முடியாது. எம்எம்ஏ என்று பலகை வைத்த இடம் பக்கத்தில் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். மாவட்ட விளையாட்டரங்கத்தில் விசாரித்து ஜூடோ அல்லது மல்யுத்தம் கற்றுத்தரும் ஒருவரையும், குத்துச்சண்டை கற்றுத்தரும் ஒருவரையும் கண்டுபிடியுங்கள். நல்ல ஜூடோ மாஸ்டர் ஒருவரிடம் ஒரு வருடம் பழகியவர், அரைகுறை எம்எம்ஏ வகுப்பில் மூன்று வருடம் இருந்தவரைவிட முன்னால் நிற்பார். புதிதாக வந்தவரை முதல் வாரமே முழு வேகத்தில் அடிக்கவிடும் இடமாக இருந்தால் அடுத்த நாளிலிருந்து போகாதீர்கள்.

முதல் படி: விழவும் எழவும்

முதல் மாதத்தில் பாதி நேரம் இதற்கே போகட்டும். பின்னால் விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, இரண்டு கைகளாலும் உடம்பிலிருந்து சுமார் 45 டிகிரி கோணத்தில் தரையை அறைய வேண்டும். விழும்போது நேராகக் கையை ஊன்றுவது மனித இயல்பு. மூட்டு விலகுவதும் மணிக்கட்டு முறிவதும் அதனால்தான். அந்த இயல்பு போகும்வரை, குந்திய நிலையிலிருந்து விழுந்து விழுந்து பழகுங்கள்.

எழுவதற்கு ஒரே ஒரு முறை போதும். ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மறுகையை முகத்துக்கு முன் வைத்து, எதிர்ப்பக்கக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்கி, இன்னொரு காலை அடியில் பின்னுக்கு இழுத்து நிற்க வேண்டும். கண் எதிராளியைவிட்டு அகலக் கூடாது. இதோடு இரண்டு அசைவுகள்: இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி இறால் போலச் சுருங்கி விலகுவது, பாதங்களை ஊன்றி இடுப்பை மேலே தூக்கி எறியும் பிரிட்ஜ். தினமும் மேட்டின் நீளத்துக்குப் போய்த் திரும்புங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கீழே மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்றுவது இவைதான்.

இரண்டாம் படி: தரை

கபடிக்காரருக்கு இங்கேதான் பெரிய சிக்கல். ரெய்டுக்குப் போனவர் பிடிபட்டால் என்ன செய்வார்? குப்புற விழுந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொடப் பார்ப்பார். பல வருடப் பழக்கம் அது, யோசிக்காமலே வரும். எம்எம்ஏயில் குப்புறக் கிடப்பதைவிட மோசமான நிலை இல்லை. எதிராளி முதுகில் ஏறி, இரண்டு கால்களையும் இடுப்பைச் சுற்றிக் கொக்கியாகப் போட்டு, பின்பக்கமாகக் கழுத்தைப் பிடித்துவிடுவார். கழுத்தின் இருபக்கமும் உள்ள இரத்த ஓட்டம் தடைபட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். அதனால் கபடியிலிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இது ஒன்றுதான்: பங்காளி (கூடப் பயிற்சி செய்பவர்) எந்தப் பக்கம் தள்ளினாலும், விழுந்தவுடன் அவர் முகம் பார்த்துத் திரும்ப வேண்டும். முதுகு தரையில், முழங்கால்கள் இடையில், கைகள் முன்னால். இது இயல்பாகும்வரை மற்றது எதையும் அவசரப்படுத்த மாட்டேன்.

அதன்பின் நிலைகள். காலுக்கு இடையில் எதிராளியை வைத்திருப்பது கார்டு. அவர் பக்கவாட்டில் நெஞ்சோடு நெஞ்சு அழுத்தினால் சைட் கண்ட்ரோல். மேலே ஏறி உட்கார்ந்தால் மவுண்ட். முதுகைப் பிடித்தால் பேக் கண்ட்ரோல். ஒவ்வொன்றிலிருந்தும் தப்பிக்க ஒரு வழியை மட்டும் எடுத்து நன்றாகப் பழகுங்கள். மவுண்டில் மாட்டினால் எதிராளியின் ஒரு கையையும் அதே பக்கக் காலையும் சிறைப்பிடித்து, அந்தப் பக்கமாகப் பிரிட்ஜ் போட்டு உருட்டுங்கள். சைட் கண்ட்ரோலில் முன்கையை அவர் கழுத்துக்கும் இடுப்புக்கும் முட்டுக் கொடுத்து, இடுப்பை நகர்த்தி, முழங்காலை உள்ளே நுழைத்துவிடுங்கள். முதுகு போய்விட்டால் கழுத்தை நோக்கி வரும் கையை உங்கள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தோள்களைத் தரையில் வைக்கும்வரை சரியுங்கள்.

முடிக்கும் பிடிகளில் முதல் ஆறு மாதத்துக்கு இரண்டு போதும்: பின்பக்கக் கழுத்துப் பிடி, முன்பக்கமாகக் கழுத்தைக் கைக்குள் சிக்கவைக்கும் கில்லட்டின். கை மூட்டை நெரிக்கும் பிடிகளான ஆர்ம்பார், கிமுரா எல்லாம் பிறகு. பங்காளி 'போதும்' என்று கையால் தட்டினால் அந்த நொடியே விடுங்கள். நீங்கள் மாட்டினால் சீக்கிரம் தட்டுங்கள். பயிற்சியில் தட்டாமல் முழங்கை தசைநாரைக் கிழித்துக்கொண்டவர் மூன்று மாதம் சும்மா இருக்க வேண்டிவரும். தட்டியவர் அடுத்த நிமிடமே மறுபடி பழகலாம்.

மூன்றாம் படி: பிடித்துச் சாய்ப்பது

கபடி இங்கே கை கொடுக்கிறது. கணுக்காலைப் பிடிக்கும் வேகம், தொடைப் பிடியில் உள்ள இறுக்கம், பிடிப்பவர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் டுப்கி, மூன்றுமே மல்யுத்தத்தில் வேறு வடிவில் இருக்கின்றன. தொடைப் பிடி, ஒற்றைக் காலைப் பிடித்துச் சாய்க்கும் சிங்கிள் லெக் ஆகும். டுப்கி, எதிராளியின் கைக்கு அடியில் நுழைந்து முதுகுக்குப் போகும் அசைவாகும்.

மாற்ற வேண்டியவை நான்கு.

தலை. கபடியில் பிடிக்கும்போது தலை எங்கே இருந்தாலும் பெரிய தண்டனை இல்லை. இங்கே தலை தாழ்ந்து வெளியே இருந்தால் கில்லட்டின் விழும், அல்லது முழங்கால் முகத்தில் வரும். சிங்கிள் லெக்கில் நெற்றி எதிராளியின் நெஞ்சில் அழுந்தட்டும், பார்வை மேலே இருக்கட்டும்.

குனிவு. இடுப்பை மடக்கிக் குனியாமல், முழங்காலை மடக்கி உயரத்தைக் குறையுங்கள். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும்.

தனிமை. சங்கிலிப் பிடியில் பக்கத்து ஆள் வந்து சேர்ந்துகொள்வார். இங்கே யாரும் வரமாட்டார்கள். காலைப் பிடித்ததோடு நிற்காமல், உடனே அவரை ஒரு பக்கம் ஓட்டித் தள்ளிக் கீழே போடவும், மேலே ஏறி நிலைபெறவும் வேண்டும். காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருந்தால் அடிதான் மிச்சம்.

மூச்சு. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கபடியில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே ஒரே மூச்சில் போய் வருவோம். 30 விநாடி ரெய்டு, பிறகு ஓய்வு. எம்எம்ஏயில் ஒரு சுற்று 5 நிமிடம், நடுவில் 1 நிமிடம் இடைவெளி, மொத்தம் 3 சுற்று. பட்டத்துக்கான சண்டை என்றால் 5. மூச்சை அடக்கிப் பிடிக்கும் பழக்கத்தோடு வந்தவர் இரண்டாவது நிமிடத்திலேயே கை கனத்து நின்றுவிடுவார். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒவ்வொரு குத்துக்கும் சின்னதாக வெளிமூச்சு விடுங்கள். பிடியில் நிற்கும்போது மூக்கால் இழுத்து மெதுவாக விடப் பழகுங்கள். பயிற்சியில் பங்காளி காதில் விழும்படி மூச்சு விடச் சொல்வது நல்ல வழி.

தற்காப்புக்கு ஸ்ப்ரால். எதிராளி காலுக்குப் பாய்ந்தால் இரண்டு கால்களையும் பின்னுக்கு எறிந்து, இடுப்பின் எடையை அவர் தோள்மீது போடுங்கள். அதோடு அண்டர்ஹூக், அதாவது எதிராளியின் அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து மேலே தூக்கிப் பிடிப்பது. இருவர் நெஞ்சோடு நெஞ்சு நின்று மாறி மாறிக் கை நுழைக்கும் பயிற்சியைத் தினமும் 3 நிமிடம் செய்யுங்கள். கூண்டு இல்லாவிட்டால் சுவரில் மேட்டைக் கட்டி, அதில் முதுகு ஒட்டியவர் எப்படித் தப்பித்து வெளியே வருவது என்று பழகுங்கள். சண்டையில் கணிசமான நேரம் வேலியோரத்தில்தான் போகும்.

நான்காம் படி: அடி

சிலம்பம் ஆடியவர்களுக்குக் காலடி வைப்பு ஏற்கெனவே இருக்கிறது. பக்கவாட்டில் கோணம் மாறி அடிவைப்பது அப்படியே பயன்படும். தூரம்தான் வேறு. கம்பு எட்டும் தூரத்தில் நின்று பழகியவர் கை எட்டும் தூரத்துக்குள் வர வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். கபடிக்காரர்களுக்குக் கை தாழ்ந்தே இருக்கும். கன்னத்தோடு வைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜாப், பின்னிருக்கும் கையால் நேராகக் குத்தும் கிராஸ், பக்கவாட்டில் வளைத்துக் குத்தும் ஹூக், தொடைக்கு லோ கிக், வயிற்றைத் தள்ளும் முன் உதை. முதல் வருடத்துக்கு இந்த ஐந்து போதும். லோ கிக்கைத் தாங்கக் காலைத் தூக்கிக் கணைக்காலின் முன்பக்க எலும்பால் தடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எம்எம்ஏ கையுறை 4 அவுன்ஸ்தான். குத்துச்சண்டையில் பெரிய கையுறைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வது போல இங்கே முடியாது, இடுக்கு வழியாகக் குத்து நுழைந்துவிடும். தலையை நகர்த்துவதும் விலகி நிற்பதும்தான் பாதுகாப்பு. நின்று பழகும் ஸ்பாரிங்குக்கு (பங்காளியோடு ஒத்திகைச் சண்டை) 16 அவுன்ஸ் கையுறை, பல்காப்பு, அடிவயிற்றுக் காப்பு, கால் காப்பு நான்கும் இல்லாமல் இறங்காதீர்கள்.

அடியும் பிடியும் தனித்தனியாகச் சரியான பிறகு இரண்டையும் சேர்க்க வேண்டும். ஜாப் போட்டுக் கையை உயர்த்த வைத்து, கீழே இரண்டு கால்களுக்குப் போவது. எதிராளியைக் கீழே சாய்க்கப் போவதுபோல் இறங்கி, மேலே குத்துவது. ஸ்ப்ரால் போட்டு எழும்போதே முழங்காலால் உடம்பில் அடிப்பது. இவற்றை மெதுவாக, நூறு முறை. தரையில் கிடக்கும் எதிராளியின் தலையில் உதைப்பதும் முழங்காலால் இடிப்பதும் தவறு. பின்தலையில் அடிப்பது, கண்ணில் விரல் வைப்பது, தலையால் முட்டுவது எல்லாமே தடை. பழகும்போதே விதிக்குள் பழகுங்கள்.

ஸ்பாரிங் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருநாள் போதும், அதுவும் தொட்டு விளையாடும் வேகத்தில். தரைப் பயிற்சியை ஓரளவு முழு பலத்தில் செய்யலாம். தலைக்கு விழும் குத்தை அப்படிச் செய்யக் கூடாது. ஒவ்வொரு வாரமும் ஒருவரையொருவர் மயங்கவைக்கும் குழுவில் யாரும் நீண்ட நாள் ஆட முடியாது.

மூச்சும் பலமும்

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆற்றங்கரை அல்லது வாய்க்கால் கரையில் 30 முதல் 45 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். கோடையில் கொள்ளிடத்து மணலில் ஓடினால் கெண்டைக்காலும் கணுக்காலும் நன்றாக இறுகும். ஆனால் மணல் அள்ளிய குழிகள் இருக்கும், பார்த்து ஓடுங்கள். மேட்டூர் திறந்து கல்லணை வழியாகத் தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். வாரம் ஒருநாள் 5 நிமிடம் கடும் வேலை, 1 நிமிடம் ஓய்வு என மூன்று சுற்று: பை குத்துதல், ஸ்ப்ரால், பங்காளியைத் தூக்குதல் கலந்து.

பலத்துக்கு வாரம் இரண்டு நாள். ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்அப் மூன்றும் முதுகெலும்பு மாதிரி. பார்பெல் இல்லாவிட்டால் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, மணல் மூட்டை தூக்குதல். கர்லாக்கட்டை தோளுக்கு அருமையான மருந்து, அதை விட்டுவிடாதீர்கள்.

நடவுக்கும் அறுப்புக்கும் வயலில் இறங்குபவர்கள் அந்த வேலையையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த இடுப்போடு மாலையில் டெட்லிஃப்ட் போடாதீர்கள். அந்த வாரத்தில் நுணுக்கப் பயிற்சி மட்டும் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, உடம்புச் சூடு இறங்காது. தலைசுற்றல், குழப்பமான பேச்சு வந்தால் உடனே நிறுத்தி நிழலில் படுக்கவைத்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் பயிற்சிக்குப் பின் நன்றாக வேலை செய்யும்.

சாப்பாடும் எடையும்

சோற்றைக் குறை சொல்ல மாட்டேன், பயிற்சி செய்பவருக்கு அது தேவை. குறைவது புரதம். எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம்வரை வேண்டும். 65 கிலோ ஆளுக்குத் தோராயமாக 105 முதல் 130 கிராம். நான்கு முட்டையில் 24, 200 கிராம் மீனில் சுமார் 40, 100 கிராம் உளுந்து அல்லது பச்சைப்பயறில் 24, 50 கிராம் வேர்க்கடலையில் 12, அரை லிட்டர் பாலில் 16. கூட்டினால் 116. நாகப்பட்டினத்து மத்தி மீனும் சம்பா தாளில் விதைத்து எடுத்த உளுந்தும் பயறும் நம் ஊரிலேயே கிடைக்கும்போது, டப்பாப் பவுடரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எடைப்பிரிவுகளும் அவற்றின் உச்ச வரம்பும்: ஸ்ட்ராவெயிட் 52.2, ஃபிளைவெயிட் 56.7, பேண்டம்வெயிட் 61.2, ஃபெதர்வெயிட் 65.8, லைட்வெயிட் 70.3, வெல்டர்வெயிட் 77.1 கிலோ. முதல் சில போட்டிகளை உங்கள் இயல்பான எடைக்குப் பக்கத்துப் பிரிவிலேயே ஆடுங்கள். தண்ணீரை நிறுத்தி, வெயிலில் போர்த்திக்கொண்டு ஓடி எடை குறைப்பது உயிரோடு விளையாடுவது. 2015 டிசம்பரில் சீனாவின் யாங் ஜியான் பிங் என்ற 21 வயது வீரர் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்தபோது இறந்தார். அதன்பிறகு அந்த அமைப்பு நீர் வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்தது.

தோல், தலை

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் காயாது. அப்போது குழு முழுவதையும் பிடிப்பது படர்தாமரை. பயிற்சி முடிந்த உடனே சோப்புப் போட்டுக் குளிப்பது, தினமும் துவைத்த உடை, நகம் வெட்டுவது, மேட்டைப் பிளீச்சிங் கரைசலில் துடைத்து மின்விசிறியில் உலர்த்துவது எல்லாம் கட்டாயம். படர்தாமரை வந்தவர் மேட்டுக்கு வரக் கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. அரிப்பு அடங்கினாலும் நோய் பரவிக்கொண்டே இருக்கும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தலையில் அடிபட்டு, தலைவலி, குமட்டல், மங்கல் பார்வை, நடந்தது மறந்துபோவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, தூக்கம் கலையாமல் கிடப்பது என்றால் ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அறிகுறிகள் குறையக் குறைய நடை, ஓட்டம், தொடாத பயிற்சி என்று படிப்படியாகத் திரும்பலாம், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒருநாள். ஸ்பாரிங்குக்கு மருத்துவர் சொன்ன பிறகே.

முதல் போட்டி

ஒழுங்காக ஒன்று, ஒன்றரை வருடம் பழகிய பிறகு அமெச்சூர் போட்டியை யோசிக்கலாம். அங்கே பொதுவாக 3 நிமிடச் சுற்று மூன்று இருக்கும், முழங்கை அடிக்கு அனுமதி இருக்காது, கால் காப்பு உண்டு. மல்யுத்தத்திலிருந்து வந்த இந்திய வீராங்கனை ரிது போகாட்டும், சீனத் தற்காப்புக் கலையான வூஷுவிலிருந்து வந்து 2024 ஜூனில் யுஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமரும் தங்கள் அடிப்படைக் கலையில் முதலில் நிறையப் போட்டிகள் ஆடியவர்கள். உங்களுக்கும் எம்எம்ஏவுக்கு முன் ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை மாவட்டப் போட்டிகள் சிலவற்றில் இறங்கிப் பார்ப்பது நல்லது.

ஒத்துக்கொள்ளும் முன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை: களத்தில் மருத்துவர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்குமா, இரு தரப்புக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனை கேட்கிறார்களா, எதிராளி எத்தனை சண்டை ஆடியவர், விதிகள் எழுத்தில் உண்டா. எதற்காவது "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் போகாதீர்கள். ஓரத்தில் நிற்க உங்கள் மாஸ்டர் வர முடியாத தேதியையும் ஏற்காதீர்கள்.

போட்டி முடிந்த பிறகு, வென்றாலும் தோற்றாலும், சில வாரம் தலைக்கு அடி விழும் பயிற்சி வேண்டாம். வீடியோவை மாஸ்டரோடு உட்கார்ந்து பாருங்கள். எத்தனை முறை கீழே போனீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், முதுகைக் கொடுத்தது எந்த நிமிடத்தில், கை எப்போது தாழ ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு, அடுத்த இரண்டு மாதப் பயிற்சியை அந்தக் குறிப்பிலிருந்து எழுதுங்கள்.